பழத்தோலும் புன்செய்ப் பயிரும்

செஞ்சிக்கோட்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ராஜகிரியின் உச்சியை எட்டுவதையே குறியாகக் கொண்டிருக்கிறார்கள். கல்யாண மகாலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். தேசிங்கு ராஜனின் குதிரையைப் பற்றி யாராவது ஒருவர் இரண்டு வார்த்தை சொல்வார். பிறகு படியேறத் தொடங்கிவிடுவார்கள். அடிவாரத்தில் தடித்த சுவர்களும் வளைவுக் கூரையுமாக நிற்கும் களஞ்சியத்தை நின்று பார்ப்பவர்கள் குறைவு. உள்ளே வௌவால் நாற்றம் அதிகம், காரணம் அதுவாகவும் இருக்கலாம். எனக்கு என்னவோ இந்தக் கோட்டையில் மற்ற எந்தக் கட்டிடத்தைக் காட்டிலும் அந்தக் களஞ்சியமே முக்கியமானதாகப் படுகிறது. மதில் பகைவனைத் தடுத்து நிறுத்தும், அவ்வளவுதான். உள்ளே இருப்பவன் எத்தனை நாள் தாங்குவான் என்பதை முடிவு செய்வது களஞ்சியம்.

1690இல் சுல்பிகார் கானின் மொகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. கோட்டை வீழ்ந்தது 1698இல். இடையில் நடந்த ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. 1692 இறுதியில் சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து மராட்டியப் படைகளுடன் வந்து மொகலாயப் பாளையத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். பாளையத்துக்கு வந்துகொண்டிருந்த தானியம் நின்றது. முற்றுகையிட வந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள், முற்றுகைக்குள் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். 1693 தொடக்கத்தில் சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. கபிலரின் புறப்பாடல் ஒன்று, பறம்பு மலையைச் சூழ்ந்து நின்ற மூவேந்தரிடம், உழவர் உழாமலேயே இந்த மலை மூங்கிலரிசியும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும், உங்களால் ஆகாது என்று சொல்கிறது. புல்லின் அரிசியும் பழமும் அந்தப் பட்டியலில் அடுத்தடுத்து வருவது தற்செயல்தான். ஆனால் நான் எழுத வந்த விஷயத்துக்கு அது வசதியாக இருக்கிறது.

வழிகாட்டிகள் அதை நெற்களஞ்சியம் என்றே சொல்கிறார்கள். நெல் இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் செஞ்சியைச் சுற்றியுள்ள பாறைக்காட்டையும் செம்மண்ணையும் பார்த்த எவருக்கும், அதில் பாதியாவது கேழ்வரகும் கம்பும் சாமையுமாக இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றும். ஏரிப்பாசனம் எட்டிய இடத்தில் நெல், எட்டாத இடத்தில் மற்றவை. அந்த எட்டாத இடத்துக்கு நம் மொழி வைத்த பெயர் புன்செய். நல்ல நிலம் நன்செய், புல்லிய நிலம் புன்செய். புல், புன்மை, புல்லியர் எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை நினைக்கும்போது, மொழியே கொஞ்சம் நெல்லின் பக்கம் சாய்ந்து நிற்பதுபோல் இருக்கிறது. மூதுரையில் ஔவையார் வாய்க்கால் நீரை வைத்துச் சொன்ன உவமையிலும் நெல்லுக்குத்தான் மரியாதை, புல் அதனருகே ஒட்டிக்கொண்டு பிழைப்பது. தாவரவியலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நெல்லும் ஒரு புல்தான். கேழ்வரகு, கம்பு, தினை, கோதுமை, கரும்பு, மூங்கில் எல்லாம் அதே குடும்பம். தொல்காப்பியத்தின் மரபியல் வெளியே வயிரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வயிரம் உள்ளதை மரம் என்றும் பிரித்தபோது, அந்தப் பிரிவில் இழிவு எதுவும் இல்லை. அது பின்னால் வந்து சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

இந்த விசாரம் எல்லாம் எனக்கு வந்தது என் பெரியக்காவின் நாற்பது சென்ட் நிலத்தினால்.

சிங்கவரம் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது அந்த நிலம். போரை முன்னிட்டு உத்தரவு கேட்ட தேசிங்கு ராஜனுக்குப் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொல்லப்படும் ரங்கநாதர் குன்றின் குடைவரையில் பள்ளிகொண்டிருக்க, கீழே மானாவாரி நிலங்கள். அத்தான் இருந்தவரை அதில் மல்லாட்டை போட்டுக்கொண்டிருந்தார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கடலை ரகங்களின் பெயருக்கு முன்னால் வரும் டி.எம்.வி. என்ற எழுத்துக்கள் திண்டிவனத்தைக் குறிப்பவை, அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை அவை, என்பதை அத்தான் ஒரு பெருமையோடு சொல்வார். வருடா வருடம் மல்லாட்டை, வருடா வருடம் கடையிலிருந்து மூட்டை உரம், எருப் போடுவது நின்று இருபது வருடம். 2020இல் அவர் தவறியபோது, அந்த மண்ணைக் கையில் எடுத்தால் செங்கல் பொடி மாதிரி விரலிடுக்கில் ஒழுகியது.

அத்தானின் தம்பிகள் இருவர். கெட்டவர்கள் இல்லை. ஒருவர் சென்னையிலும் ஒருவர் ஓசூரிலும் இருக்கிறார்கள். நிலம் பொதுவில் இருந்தது. விற்றுவிட்டால் மூன்று பங்கு. திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை செல்லும் நெடுஞ்சாலை செஞ்சி வழியாகப் போவதால் தரகர்கள் அடிக்கடி வந்துபோனார்கள். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. "இத வச்சிக்கிட்டு நீங்க என்னா பண்ணப் போறீங்க அண்ணி?" என்று சின்னவர் கேட்டார். கேள்வியில் குத்தல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அக்கா, "மூணு வருசம் குடுங்க, அதுக்கு ஆவுற செலவ அதுவே எடுத்துதுன்னா பேசுவோம், இல்லன்னா வித்துடுங்க" என்றாள். அப்படி ஒரு கெடு வைக்கும் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அப்போது வயது அறுபத்தொன்று, சர்க்கரை வியாதி வேறு.

மல்லாட்டையை அவள் தொடவில்லை. விதைக்கும் ஆள்கூலிக்கும் அவளிடம் பணமில்லை. கேவுரு என்றாள். கேழ்வரகை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது, அங்கே வெளியிட்ட ஏ.டி.எல். ரகங்களைப் பற்றி விசாரித்து வரட்டுமா என்று கேட்டேன். "வெத அப்புறம். மொதல்ல மண்ணு" என்று சொல்லிவிட்டாள்.

மண்ணுக்கு எரு வேண்டும். எருவுக்கு மாடு வேண்டும். மாடு வைத்துக் காப்பாற்ற அவள் உடம்பில் வலுவில்லை, நான்கு ஆடுகள் இருந்தன. இங்கேதான் பழத்தோல் வந்து சேர்ந்தது.

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் பழச்சாற்றுக் கடைகள் உண்டு. கோட்டை பார்க்க வருகிறவர்களும் அண்ணாமலையாரைப் பார்க்கப் போகிறவர்களும் நின்று குடித்துவிட்டுப் போவார்கள். பங்குனி, சித்திரையில் திண்டிவனம், மரக்காணம் பக்கமிருந்து தர்ப்பூசணி வண்டி வண்டியாக வந்து இறங்கும். தர்ப்பூசணியின் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தோல். சாத்துக்குடியில் சாறு போக மிச்சம் பாதி. பண்ருட்டிப் பலா வரும் காலத்தில் சுளை போக மற்றதெல்லாம் சக்கையும் முள்தோலும்தான். அக்கா ஆடுகளுக்காகத் தர்ப்பூசணித் தோல் கேட்டு ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் நடுவயதுக்காரர், பேச்சுக்காரர். நாளொன்றுக்கு நாற்பது கிலோவுக்குக் குறையாமல் கழிவு சேர்வதாகவும், அதை எங்கே போடுவது என்பதே தினசரித் தலைவலி என்றும், எடுத்துக்கொள்வதானால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும், பொறுக்கி எடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். நான்கு ஆடுகள் நாற்பது கிலோ தோல் தின்னுமா? மீதி நிலத்துக்குப் போயிற்று.

கிராமத்தில் பழக்கழிவு என்று ஒரு பொருள் முன்பு இருந்ததே இல்லை என்பதை அப்போது கவனித்தேன். வாழைப்பழத் தோலை வீசுமுன் மாடு வந்து நிற்கும். பலாச் சக்கைக்கு ஆடு சண்டையிடும். நம் சின்ன ஊர்களிலிருந்து மாடுகள் போனபின்தான் தோல் கழிவாயிற்று. கூடவே ஒரு காசுக்கு உதவாத பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களும் வந்தன. 2019 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை அவை. ஆனாலும் முதல் மாத மூட்டைகளில் அக்கா அவற்றைக் குனிந்து குனிந்து பொறுக்கினாள். இரண்டாம் மாதத்திலிருந்து கடைக்காரரே பிரித்து அனுப்ப ஆரம்பித்தார். அவள் குனிவதை ஒருநாள் நேரில் பார்த்திருக்கிறார்.

பழக்கழிவை உரமாக்குவது பற்றிப் பேசுகிறவர்கள் அதை மிகவும் எளிதான காரியம்போல் சொல்லிவிடுகிறார்கள். எளிதில்லை. அதில் எண்பதிலிருந்து தொண்ணூறு சதவீதம் தண்ணீர். சர்க்கரை அதிகம், புளிப்பு அதிகம். குழியில் கொட்டி மூடினால் காற்றில்லாமல் புளித்து நாறும். 2022 பங்குனியில் வெட்டிய முதல் குழி அப்படித்தான் நாறியது. ஈ மொய்த்தது, பக்கத்து நிலத்துக்காரர் சாலையில் நின்று சத்தம் போட்டார். அதன்பின் அக்கா செய்தவை சின்னச் சின்ன மாற்றங்கள். குழிக்குப் பதிலாக மேட்டில் குவித்தாள். ஒரு கூடை தோலுக்கு இரண்டு கூடை காய்ந்த பொருள், அதாவது மல்லாட்டைத் தோல், புங்கன் சருகு, வைக்கோல் துண்டு. நடுநடுவே ஆட்டெரு. ஒவ்வொரு அடுக்கையும் மண்ணால் மூடினாள். சாத்துக்குடித் தோலை மட்டும் பாறைமேல் நான்கைந்து நாள் காயப்போட்டபின் சேர்த்தாள், அந்த எண்ணெய்ப்பசை மண்புழுவுக்கு ஆகாது. மக்கும் குவியலில் கரிச்சத்து இருபத்தைந்து, முப்பது பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று நூல்கள் சொல்லும். அக்காவின் கைக்கணக்கு அதைத்தான் சுற்றி வந்தது. குவியலுக்குள் கையை விட்டு, சுடுகிறதா என்று பார்ப்பாள். சுட்டால் திருப்தி.

காலம் ஒத்துழைத்தது. பழக்கழிவு மிகுதியாகக் கிடைப்பது பங்குனி முதல் வைகாசி வரை. எங்கள் பக்கத்து மானாவாரிக் கேழ்வரகுக்குப் புரட்டாசிப் பட்டம். நடுவே மூன்று நான்கு மாதங்கள். குவியல் மக்குவதற்கு வேண்டிய காலம் அதுவேதான். இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிடவில்லை.

நண்பர்கள் சிலர் இதற்குச் சொன்ன யோசனைகள் வேறு மாதிரி. பழக்காடிக் கரைசல் போடச் சொன்னார்கள். கெட்டுப்போன பழங்களைச் சாணத்தோடும் நாட்டுச் சர்க்கரையோடும் ஊறவைத்துப் பாசனநீரில் கலந்துவிடும் முறை அது, இயற்கை வேளாண்மைக்காரர்களிடையே பிரசித்தம். கொடுமுடி மருத்துவர் நடராசன் பரப்பிய பஞ்சகவ்யத்திலும் கனிந்த வாழைப்பழம் சேரும். மூன்று சதவீதக் கரைசலாக இலைமேல் தெளிப்பார்கள். நம்மாழ்வார் 2013 டிசம்பரில் மறையும்வரை ஊர் ஊராய் நடந்து சொன்னவற்றில் இத்தகைய கரைசல்களும் அடக்கம். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை 1969இல் உதறிவிட்டு வந்த அந்த மனிதரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மண்ணை உணவாக அல்ல, உயிராகப் பார்க்கவேண்டும் என்ற பார்வையை ஒரு தலைமுறைக்குக் கொடுத்தவர். ஆனால் அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் சிலர் ஒரு குடுவைக் கரைசலில் ஒரு ஏக்கர் விளையும் என்கிற தொனியில் பேசும்போது எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. கரைசலில் உள்ளது பெரும்பாலும் நுண்ணுயிர்களும் அவற்றுக்கான தீனியும். சோறு வேறு, மோர் வேறு.

கணக்கு இதுதான். ஆயிரம் கிலோ ஈர வாழைத்தோல் காய்ந்தால் நூறு, நூற்றிருபது கிலோ மிஞ்சும். அதில் தழைச்சத்து சுமார் ஒரு கிலோ. சாம்பல்சத்து மட்டும் தாராளம், ஐந்து கிலோவும் அதற்கு மேலும். மானாவாரிக் கேழ்வரகுக்கு ஹெக்டேருக்குத் தழை 40, மணி 20, சாம்பல் 20 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அக்காவின் நாற்பது சென்டுக்கு அதைச் சுருக்கினால் தழைச்சத்து ஆறரைக் கிலோ, மற்ற இரண்டும் மூன்றேகால் கிலோ வீதம். சாம்பல்சத்துக்கு அரை டன்னிலிருந்து முக்கால் டன் வாழைத்தோல் போதும். தழைச்சத்தை வாழைத்தோலிலிருந்தே எடுப்பதென்றால் ஆறு டன்னுக்கு மேல் வேண்டும். பழம் என்பது செடி தன் விதையைச் சுமந்து செல்ல வரும் விருந்தாளிக்கு வைக்கும் இனிப்பு. அதில் இனிப்பும் சாம்பல்சத்தும் இருக்குமே தவிரத் தழைச்சத்து எங்கிருந்து வரும்? அதனால்தான் ஆட்டெரு தேவைப்பட்டது. மாட்டெருவைவிட ஆட்டெருவில் தழைச்சத்து கூடுதல். இந்தக் கணக்கை நான் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அக்கா, "ஆட்டாம்புழுக்க இல்லாம பயிர் பச்ச கட்டாதுன்னு எங்க மாமியாளுக்கே தெரியும்" என்றாள்.

மக்காத தோல் மண்மேல் நேராகக் கொட்டப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது. மத்திய அமெரிக்காவில் கோஸ்ட்டாரிகா நாட்டின் குவானகாஸ்தே காப்புக்காட்டில், டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் என்ற சூழலியலாளர் தம்பதி, டெல் ஓரோ என்ற ஆரஞ்சுச் சாறு நிறுவனத்துடன் 1997இல் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். நிறுவனம் காட்டுக்கு நிலம் தரும், பதிலுக்குத் தோலையும் சக்கையையும் பாழ்பட்ட மேய்ச்சல் நிலத்தில் கொட்டிக்கொள்ளலாம். ஆயிரம் லாரிகளில் பன்னிரண்டாயிரம் டன் கொட்டப்பட்டது. போட்டி நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டது, உச்சநீதிமன்றம் நிறுத்தச் சொன்னது, எல்லாரும் மறந்துபோனார்கள். 2013இல் திமோத்தி ட்ரூயர் என்ற ஆய்வு மாணவர் போய்த் தேடியபோது, கொடிகள் மண்டிய காட்டுக்குள் அந்த இடத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை. 2017இல் வெளியான அவர்களது கட்டுரை, தோல் கொட்டாத பக்கத்து நிலத்தைவிட அங்கே மரம்செடிகளின் உயிர்ப்பொருள் 176 சதவீதம் கூடியிருந்ததாகச் சொன்னது.

இதைச் சொல்கிறவர்கள் பலரும் விட்டுவிடும் ஒரு விவரம் உண்டு. அந்த மேய்ச்சல் நிலத்தை அடைத்துக்கொண்டு மரம் முளைக்கவிடாமல் செய்துகொண்டிருந்தது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு புல். பச்சைத் தோலின் தடித்த அடுக்கு முதலில் செய்த காரியம், அந்தப் புல்லை மூச்சு முட்டவைத்துக் கொன்றதுதான். அங்கே அது வரம். புல்லையே பயிராக விளைவிக்க நினைக்கும் எங்களுக்கு அது எச்சரிக்கை. அக்காவின் நிலத்தில் ஓரமாகத் தோல் சிந்திக் கிடந்த இடத்தில் அறுகுகூட மஞ்சளாகிப் படுத்துக்கொண்டதைக் காண்பித்தாள். அதே இடத்தில் அடுத்த புரட்டாசியில் கேழ்வரகு மற்ற இடத்தைவிட அரைச்சாண் உயரமாக நின்றது.

அறுகு என்றதும் இன்னொன்று. அதே பழச்சாற்றுக் கடைக்காரர் காலை வேளையில் நடைப்பயிற்சிக்காரர்களுக்காக அறுகம்புல் சாறும் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு யாரோ சொல்லிக் கோதுமைப்புல் சாறும் சேர்ந்தது. தட்டில் மண் பரப்பிக் கோதுமை தூவி, ஏழெட்டு நாளில் தளிரை அறுத்து அரைப்பது. இதன் பூர்வீகமும் சுவாரசியமானது. அமெரிக்காவில் சார்லஸ் ஷ்னாபெல் என்ற வேளாண் வேதியியலாளர் 1930 வாக்கில் நோய்ப்பட்ட கோழிகளுக்கு இளம் தானியப்புல்லைக் கொடுத்துப் பார்த்தார். கோழிகள் தேறி முட்டையும் அதிகம் இட்டனவாம். பிறகு காய்ந்த புல்பொடி டப்பாக்களில் விற்பனைக்கு வந்தது. பின்னால் பாஸ்டனில் ஆன் விக்மோர் அம்மையார் அதைச் சர்வரோக நிவாரணியாக்கினார். கீரையளவுக்குச் சத்து அதில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பச்சையத்தின் அமைப்பு இரத்தச் சிவப்பணு நிறமியின் அமைப்பை ஒத்திருப்பதால் குடித்ததும் இரத்தமாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வது சரியில்லை. பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம், இரத்தத்தில் இருப்பது இரும்பு. ஒன்று மற்றொன்றாக உடம்பில் மாறுவதில்லை. கடைக்காரர் கோதுமைத் தட்டுகளுக்கு அக்காவிடம் மக்கிய எரு கேட்டார். தன் தோலே திரும்பித் தன்னிடம் வந்தது குறித்து அவருக்கு மகிழ்ச்சி. அக்கா ஒரு குவளை குடித்துப் பார்த்துவிட்டு, "ஆடு திங்கிறத நான் குடிக்கிறேன், கொஞ்சம் பொறுத்தா அதுவே கதிர் விட்டிருக்கும்" என்றாள். எனக்கும் அதுதான் அபிப்பிராயம். புல்லிடம் இருக்கும் பொறுமை அதைக் குடிப்பவனுக்கு இருப்பதில்லை.

கதிர்விட்ட புல்லின் மதிப்பு என்னவென்று பார்க்கலாம். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவில்தான். பாலைவிட மூன்று மடங்கு என்று இதைச் சொல்லலாம், ஆனால் யாரும் ஒரே நாளில் பாலைக் குடிக்கிற அளவுக்குக் களி தின்பதில்லை. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். ஆடிக்கு ஆடி அம்மன் கோயிலில் கூழாக ஊற்றப்பட்டு, மீதிப் பதினொரு மாதமும் ஏழையின் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்டிருந்த தானியத்துக்கு இப்போது பளபளக்கும் பொட்டலத்தில் மறுபிறவி. விலை மட்டும் விளைவித்தவருக்கு அதே வேகத்தில் ஏறவில்லை.

அக்காவின் மூன்று வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 தையில் 130 கிலோ. தம்பிகளில் மூத்தவர் போனில் சிரித்தார். 2024 தையில் 240 கிலோ. செலவு போக மிஞ்சியது, சிரிப்பு நின்றது. மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டை நின்றது. மண்புழு எருவை எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எனக்குத் திருப்தி தந்தது கரையான் குறைந்ததுதான், அது ஏனென்று தெரியாவிட்டாலும்.

மூன்றாம் வருடம் பயிர் எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது. கார்த்திகையில் கதிர் பால் பிடிக்கும் நேரம், 2024 நவம்பர் முப்பதாம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. செஞ்சி மலைகளில் பிறந்து புதுவைக்குப் போகும் சங்கராபரணி, கோடையில் அதை ஆறு என்று யாரும் நம்பமாட்டார்கள், அன்று பாலங்களை முட்டியது. மூன்றாம் நாள் போனபோது கேழ்வரகு முழுவதும் தலைசாய்ந்து சேற்றில் கிடந்தது. பக்கத்து நிலத்தில் தண்ணீர் ஒரு வாரம் நின்றது, அக்காவினதில் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. அது எரு ஏறிய மண்ணின் குணமா, நிலத்தின் சரிவா என்று நான் தீர்ப்புச் சொல்லத் தயாரில்லை. அக்காவுக்கு ஐயமே இல்லை. அறுத்தது தொண்ணூறு கிலோ. அதில் பாதி முளைகட்டிய நாற்றம்.

கெடு முடிந்தது. செலவை நிலம் எடுத்ததா? ஒரு வருடம் எடுத்தது, இரண்டு வருடம் எடுக்கவில்லை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். ஒரே மாதத்தில் தரகர்கள் மூன்று பேர் வந்தார்கள். தங்கும் விடுதி கட்ட யாரோ இடம் தேடுவதாகச் செய்தி.

ஆவணியில் தம்பிகள் இருவரும் குடும்பத்தோடு வந்தார்கள். சத்தமில்லாமல், வாழை இலையில் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் பேசினோம். அக்கா தன் பங்கான மூன்றில் ஒன்றைக் கேட்டாள், அதாவது பதின்மூன்று சென்ட் சொச்சம். சின்னவர் யோசித்துவிட்டு, இருபதாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணி என்றார். மூத்தவரின் மனைவி அவரைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன், ஆனாலும் மூத்தவர் மறுக்கவில்லை. சாலைப் பக்கம் இருபது சென்ட் விலைக்கு, உள்பக்கம் இருபது அக்காவுக்கு. சரி என்று எல்லோரும் எழுந்தபின்தான் எருமேடு சாலைப் பக்கத்தில் இருப்பது எனக்கு உறைத்தது. வண்டி வந்து இறக்க வசதியாக இருக்கட்டும் என்று அங்கே போட்டது. அதனடியில் மூன்று வருடமாகக் கறுத்துப்போன மண் முழங்காலளவு இருந்தது.

பத்திரப் பதிவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அக்கா மறுநாள் விடியற்காலையில் கூடையும் மண்வெட்டியுமாகப் போய்விட்டாள். நான் அலுவலகம் போகுமுன் ஒரு மணி நேரம், வந்தபின் ஒரு மணி நேரம். ஆள் வைக்கலாம் என்றதற்கு அவள் சம்மதிக்கவில்லை. ஐந்தாம் நாள் பழச்சாற்றுக் கடைக்காரரின் பையன் சுமை ஆட்டோவில் அன்றைய தோலோடு வந்து, மேடு பாதி காணாமல் போயிருப்பதைப் பார்த்து எங்கே கொட்டுவது என்று கேட்டான். அக்கா நட்டுவைத்திருந்த புது எல்லைக்கல்லைக் காட்டி, "அதுக்கு அந்தாண்ட" என்றாள். ஆட்டோ உள்ளே போக வழியில்லை. அவன் ஒவ்வொரு மூட்டையாகத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லைத் தாண்டிப் போனான். எட்டு மூட்டை. கடைசி மூட்டையை வைத்துவிட்டு வந்து, போகும்போது கூடையில் இருந்த மண்ணில் ஒரு நடையும் எடுத்துப்போய்க் கொட்டிவிட்டுப் போனான்.

பதினாறாம் நாள் வேலை முடிந்தது. புரட்டாசி பிறந்து நான்காம் நாள் நல்ல மழை. அக்கா விதைத்துவிட்டாள்.